ஊமத்தையும் மனமும்

மனித மனம் முழுவதும் மூளையின் வேதியியல்தானா என்ற கேள்விக்கு மிகப் பழைய சாட்சி ஊமத்தை. காவிரிக் கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் செடி அது. சிவனுக்கு உகந்த பூவும்கூட. வடமொழியில் அதற்கு உன்மத்தம் என்று பெயர். பித்துப் பிடித்த நிலைக்கும் அதே சொல்தான். அதுவே தமிழில் ஊமத்தை ஆயிற்று. முள்காய்க்குள் இருக்கும் விதை கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் போதும், நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, எதிரில் இல்லாத ஆளோடு மனிதர் பேசத் தொடங்கிவிடுவார். தெளிந்த பிறகு நடந்தது எதுவும் பெரும்பாலும் நினைவில் இருக்காது. செடிக்குப் பெயர் வைத்தவர்களுக்கு நரம்பணு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் ஒரு விதைக்குள் இருக்கும் பொருள் மனத்தைக் கலைத்துப் போடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அந்தப் பொருள்களின் பெயர் தெரியும்: அட்ரோபின், ஸ்கோபாலமின், ஹையோசயமின். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நூலிழை இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடைவெளியைத் தாண்டிச் செய்தி கொண்டுபோகும் பொருள்களுக்கு நரம்பியக் கடத்திகள் என்று பெயர். 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது மெதுவானதும் அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தின் மேல் விட்டார். நரம்பைத் தொடாமலேயே இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. அந்தத் திரவத்தில் இருந்தது அசெட்டைல்கோலின். மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய கடத்தி அதுவே. அது போய் உட்கார வேண்டிய ஏற்பிகளை ஊமத்தையின் பொருள்கள் முந்திக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உள்ளே வர வேண்டிய செய்தி வராதபோது மூளை தானே காட்சிகளை உண்டாக்கிக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான நஞ்சு, கொங்கு நாட்டில் 'மருந்து' என்ற பெயரிலேயே புழங்குகிறது. வாழைக்கும் மஞ்சளுக்கும் அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். கடத்தி தேங்குகிறது. காற்று வாக்கைப் பார்க்காமல், முகத்துக்குத் துணி கட்டாமல் மருந்தடித்தவருக்கு எச்சில் ஊறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நெஞ்சில் சளிநீர் கோத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் அவருக்கு ஏற்றப்படும் மாற்று, ஊமத்தையிலும் இருக்கும் அதே அட்ரோபின். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, நாடி பார்த்து, கண்மணியைப் பார்த்து, மறுபடி ஊசி போடச் சொல்வார். நெஞ்சு வறளும்வரை இப்படியே போகும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் படுக்கையில் இருப்பவர் இல்லாத நூலைக் காற்றில் பொறுக்கத் தொடங்குவார், போர்வையை நோண்டுவார், பக்கத்தில் நிற்கும் மனைவியை அடையாளம் தெரியாமல் முணுமுணுப்பார். ஊசியை நிறுத்தினால் சில மணி நேரத்தில் பழைய ஆளாகிவிடுவார். ஒரே கடத்தி, இரண்டு நஞ்சு, நடுவில் ஒரு மனிதரின் தெளிவு. இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும், மனத்துக்கும் வேதிப்பொருளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மாட்டார்.

மனநோய்க்கும் வேதியியலே காரணம் என்ற கொள்கை பிறந்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரைப் பித்துக்குக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள் அந்த வேர் ரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிப்பதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தத்துக்கு அது பயன்படுவதை ஆங்கில இதழொன்றில் விரிவாக வெளியிட்ட பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. 1955இல் பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடம், ரெசர்பின் கொடுத்தால் உடலில் செரோடோனின் என்ற கடத்தியின் இருப்பு வற்றிப்போவதைக் காட்டியது. ரெசர்பின் சாப்பிட்ட ரத்த அழுத்த நோயாளிகளில் சிலர் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனார்கள் என்ற செய்திகளும் வந்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்: கடத்தி குறைந்தால் மனச்சோர்வு.

சுவீடனின் அர்விட் கார்ல்சன் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ரெசர்பின் போட்ட முயல்கள் காது தொங்கி, அசைவில்லாமல் கிடந்தன. 1957இல் அவற்றுக்கு எல்-டோப்பா என்ற பொருளை ஏற்றினார். மூளை அதை டோபமின் என்ற கடத்தியாக மாற்றிக்கொண்டது. சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடந்தன. நடுக்குவாத நோய்க்கு இன்றுவரை முதன்மையான மருந்து இந்த எல்-டோப்பாதான். வேலியில் படரும் பூனைக்காலியின் விதையில் அது இருப்பதை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்துக் காட்டியிருந்தார்கள். டோபமினின் வேலையைச் செய்யும் வேறு சில மாத்திரைகளும் நடுக்குவாதத்துக்குத் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடும் முதியவர்களில் சிலர், வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர்கள்கூட, திடீரென்று சூதாட்டத்தில் இறங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்க விளைவு. அளவைக் குறைத்தால் அந்த வெறி அடங்கிவிடுகிறது. குணம் என்று எதை மனிதர் தம்முடையதாக நினைக்கிறாரோ அதன் ஒரு பகுதி மாத்திரை அளவோடு ஏறி இறங்குகிறது.

இதுவரை எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. சிக்கல் அதற்கு மேல் தொடங்குகிறது.

செரோடோனின் குறைவே மனச்சோர்வு என்ற பேச்சு 1987இல் புளுவோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த வகை மாத்திரை நரம்பிடை வெளியில் செரோடோனினைக் கூட்டச் சில மணி நேரம் போதும். மனம் தேறவோ இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. குறைவை நிரப்புவதுதான் வேலை என்றால், நிரம்பிய அன்றைக்கே ஏன் தேறவில்லை? ரெசர்பின் கதையும் பின்னாளில் மறு ஆய்வு செய்யப்பட்டபோது பழைய வலுவை இழந்தது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ஜோனா மான்கிரீப் குழு வெளியிட்ட கட்டுரை, மனச்சோர்வுக்குக் காரணம் செரோடோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதைப் படித்துவிட்டு மாத்திரையே பொய் என்று சொல்லக் கிளம்பியவர்கள் தவறு செய்தார்கள். 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் கணக்கில் எடுத்தது. அதில் ஒப்பிடப்பட்ட 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. மருந்து உதவுகிறது. ஆனால் மருந்து உதவுவதாலேயே அந்தப் பொருள் குறைந்ததுதான் நோய் என்று ஆகிவிடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்கிறது என்பதால் காய்ச்சல் என்பது பாராசிட்டமால் குறைபாடு ஆகிவிடாதல்லவா.

வெற்று மாத்திரை என்பதே தனியாக நின்று பார்க்க வேண்டிய விஷயம். 1978இல் கலிபோர்னியாவில் லெவின், கார்டன், பீல்ட்ஸ் என்ற மூவர் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு, வலிமருந்து என்ற எண்ணத்தோடு வெற்று ஊசி போட்டார்கள். பலருக்கு வலி தணிந்தது. பிறகு நலோக்சோன் கொடுத்தார்கள். அபின் வகைப் பொருள்களின் ஏற்பிகளை அடைக்கும் மருந்து அது. தணிந்த வலி திரும்பி வந்தது. அதாவது வலி போனது வெறும் கற்பனை அல்ல. 'மருந்து போட்டாயிற்று' என்ற நம்பிக்கை மூளைக்குள்ளேயே வலியடக்கும் பொருளைச் சுரக்க வைத்திருக்கிறது. இங்கே அம்பு திரும்பிவிட்டது. ஊமத்தையில் வேதிப்பொருள் மனத்தை மாற்றியது. பல் மருத்துவரின் நாற்காலியில் ஒரு சொல்லும் அதன் பொருளும் வேதியியலை மாற்றின.

கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்த 2000ஆம் ஆண்டில் அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் எரிக் காண்டல் ஒருவர். கடல் நத்தையொன்றை வைத்து, கற்றுக்கொள்ளும்போது நரம்பணுக்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அவர். சிறிது நேர நினைவு, ஏற்கெனவே உள்ள இணைப்புகளில் கடத்தியின் அளவை மாற்றுகிறது. நீண்ட நினைவுக்கோ மரபணுக்களே விழித்து, புதிய புரதம் உண்டாகி, புதிய இணைப்புகள் முளைக்க வேண்டும். பட்டறிவு மூளையின் உடலமைப்பையே மாற்றிக் கட்டுகிறது. வேதியியல் மனத்தை ஆக்குகிறது என்று காட்டியவரும், வாழ்க்கை வேதியியலை ஆக்குகிறது என்று காட்டியவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

விளக்கம் என்பது எந்தத் தளத்தில் நிற்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளக் கொடுமுடிப் பக்கமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பவானியில் தொடங்கி ஈரோட்டைக் கடந்து கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறை வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுகிறது காலிங்கராயன் வாய்க்கால். 1283இல் வெட்டி முடிக்கப்பட்டதாகக் கணக்கு. நேராகப் போனால் இவ்வளவு தூரம் வராது. வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்துக் காலிங்கராயன் வெட்டினார் என்பது ஊரில் சொல்லும் கதை. வாட்டம் பார்த்து, மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏறும்படி வெட்டியதால் வந்த வளைவுகள் அவை. தண்ணீர் ஏன் பள்ளத்துக்குப் பாய்கிறது, ஏன் கரையை நனைக்கிறது என்பதை நீர் மூலக்கூறின் வேதியியல், இயற்பியலைக் கொண்டு சொல்லிவிடலாம். வாய்க்கால் ஏன் இந்த ஊரில் திரும்புகிறது, எந்த மடை எந்த வயலுக்கு, எந்த மாதம் தண்ணீர் விடுவது என்பதை மூலக்கூறு சொல்லாது. அதற்கு நிலத்தின் மட்டம், காலிங்கராயனின் எண்ணம், எழுநூறு ஆண்டுப் பாசன வழக்கம் எல்லாம் வேண்டும். தண்ணீருக்கு அப்பாற்பட்ட மாயப்பொருள் எதுவும் வாய்க்காலில் ஓடவில்லை. ஆனாலும் தண்ணீரை மட்டும் தெரிந்தவருக்கு வாய்க்கால் தெரியாது. 1283இல் ஓடிய தண்ணீரில் ஒரு சொட்டும் இன்று அங்கே இல்லை, வாய்க்கால் இருக்கிறது.

மூளையிலும் இதுதான் நிலை. கொடுமுடியில் 1908இல் பிறந்த பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாளின் வாழ்க்கை இதற்குக் கண்கூடான சான்று. அவர் கணவர், நாடக உலகைத் தம் குரலால் கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பா, 1933 டிசம்பரில் இளவயதிலேயே மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. நகைகளைக் களைந்தார், வெள்ளைச் சேலைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935இல் வந்த பக்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றபோதும் ஆண் வேடத்தில் நந்தனாராகவே வந்தார். 1953இல் ஔவையாராக வந்தார். 1980இல் இறக்கும்வரை வெள்ளைச் சேலையும் திருநீறும் மாறவில்லை.

துக்கத்துக்கு வேதியியல் உண்டு. இழப்பு நேர்ந்தால் கார்டிசால் என்ற மனஅழுத்தச் சுரப்பு கூடுகிறது, தூக்கம் கெடுகிறது, பசி போகிறது. ஆனால் கார்டிசால் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நரம்பிணைப்புகளில் உள்ள புரதங்களில் பெரும்பாலானவை சில நாள்களிலும் வாரங்களிலும் கரைந்து புதியவை வந்துவிடும். 1933இல் அவர் மூளையில் இருந்த அநேக மூலக்கூறுகள் 1953இல் இருந்திருக்க வாய்ப்பில்லை. இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு நின்றது எது? மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருந்தும் மாறாமல் நின்ற அமைப்பு. அந்த அமைப்புக்கு உருக்கொடுத்த ஒரு காதல், ஒரு சபதம், கைம்மையைப் பற்றி அந்தக் காலத் தமிழ்ச் சமூகம் வைத்திருந்த எண்ணம், அதை மதித்த ரசிகர்கள். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அவர் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் எத்தனை முறை சோதித்திருந்தாலும் அந்த வெள்ளைச் சேலைக்கு விளக்கம் கிடைத்திருக்காது.

மருத்துவ உலகமே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, நெருங்கியவரை அண்மையில் இழந்தவரின் சோர்வை நோயாகக் கொள்ள வேண்டாம் என்று ஒரு விலக்கு வைத்திருந்தது. 2013இல் அந்த விலக்கை எடுத்தது. 2022இல், பெரியவர்களிடம் ஓராண்டு கடந்தும் ஆளை முடக்கும் துக்கத்தைத் தனி நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதம் என்கிறது. எந்த நாளில் துக்கம் நோயாகிறது என்பதை எந்த ரத்தச் சோதனையும் சொல்லவில்லை. அந்தந்தப் பண்பாட்டின் வழக்கத்தை மீறியதா என்று பார்க்கச் சொல்லி இரண்டுமே அளவுகோலில் எழுதியிருக்கின்றன.

துக்கம் இயல்பானது, அதனால்தான் அதில் பண்பாடு நுழைகிறது. கடுமையான மனநோய் தூய வேதியியல் என்று ஒருவர் மறுக்கலாம். அதற்குச் சென்னையிலிருந்து விடை வந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் டாக்டர் ஆர்.பத்மாவதியும், அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் பிறரும் சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ மூன்றிலும் தலா 20 பேர். எல்லோரும் இல்லாத குரல்களைக் கேட்பவர்கள். கலிபோர்னியாவில் அந்தக் குரல்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவை, அடி, வெட்டு என்று ஏவுபவை. கேட்பவர்களே அவற்றைத் தங்கள் மூளைக் கோளாறின் அடையாளமாகச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினரின் குரல்: அம்மா, அப்பா, மாமியார், நாத்தனார். குளி என்றன, சமையலறைக்குப் போ என்றன, சாப்பிடு என்றன, திட்டவும் செய்தன. சென்னை நோயாளிகளுக்கு வேதனை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 60 பேர் கொண்ட சிறிய ஆய்வு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆனாலும் இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல. மனச்சிதைவில் டோபமின் செயல்பாடு பிறழ்வதற்குச் சான்று வலுவாகவே உண்டு. டோபமின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் குரல்களைக் குறைக்கின்றன. குரல் கேட்பதற்கு டோபமின் காரணம் ஆகலாம். அது மாமியாரின் குரலாக வருவதற்குக் குடும்ப வாழ்க்கை காரணம் ஆகலாம்.

எல்லாத் தளங்களையும் சேர்த்த பிறகும் ஒன்று மீதி நிற்கிறது. அறுவடைக் காலத்தில் சிவகிரி, கொடுமுடிப் பக்கத்துத் தோட்டங்களில் மஞ்சள் வேகும். கொப்பரையைத் திறந்ததும் ஆவியோடு எழும் மண்ணும் காரமும் கலந்த மணம் சாலைவரைக்கும் வரும். அந்த மணத்துக்கு முக்கியக் காரணம் டர்மரோன் வகைப் பொருள்கள். அவை மூக்கின் எந்த ஏற்பியில் ஒட்டும், எந்த நரம்பு வழியே மூளையின் எந்தப் பகுதிக்குச் செய்தி போகும் என்று எல்லாவற்றையும் படித்த ஒரு வேதியியலாளர், பிறவியிலேயே மோப்ப உணர்வு இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் அவருக்கு மோப்பம் வந்து, வேகும் மஞ்சளின் முன் நிற்கிறார். அவர் புதிதாக ஏதோ ஒன்றை அறிகிறாரா, இல்லையா? அறிகிறார் என்றால், வேதியியல் ஏட்டில் இல்லாத ஒன்று அது. 1982இல் பிராங்க் ஜாக்சன் என்ற மெய்யியலாளர் நிறத்தை வைத்து இந்த வாதத்தை முன்வைத்தார். 1995இல் டேவிட் சால்மர்ஸ் இதையே கடினமான கேள்வி என்றார். மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது எளிது. வேலை செய்யும்போது உள்ளே ஓர் உணர்வு ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை யாரிடமும் ஒத்துக்கொள்ளத்தக்க விடை இல்லை. விடை இல்லாததால் மூளைக்கு வெளியே தனியாக ஓர் ஆன்மா இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டவும் முடியாது. ஊமத்தை அதற்கு இடம் கொடுக்காது.

ஆகவே, மூளையின் வேதியியல் இல்லாமல் மனத்தின் எந்த அசைவும் இல்லை. ஆனால் அந்த வேதியியலை மட்டும் வைத்து ஒரு மனிதரின் மனத்தை விளக்க முடியாது. இது ஏட்டுச் சண்டையும் அல்ல, உயிர்ப் பிரச்சினை. உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கை, 1995 தொடங்கி மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த மக்களின் செரோடோனினை யாரும் திருத்தவில்லை. ஆத்திரமும் அவமானமும் கடனும் உச்சத்தில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உயிர்குடிக்கும் நஞ்சு இல்லை, அவ்வளவுதான். அந்த மணி நேரம் கடந்தது, பலர் பிழைத்தார்கள்.

மருத்துவர் எழுதிய மனநல மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. வீட்டில் ஒருவர் வாடி ஒதுங்கும்போது மாத்திரை இருக்கிறதே என்று பேச்சை நிறுத்தவும் கூடாது. பூச்சிமருந்தைப் பூட்டி வைத்து, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. பேச ஆள் இல்லை என்று தோன்றும் வேளையில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவை இரவு பகலாகத் தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை.